ஆறுதலாப் போ, பிள்ளை

பனிச்சறுக்குப் பந்தயத்தில், மேலிருந்து பறந்து வரும் சொந்தப் பிள்ளையைப் பார்த்து "மெதுவாக வா" என்று உயிரைக் கொடுத்துக் கத்துகிற ஆதரவாளரை நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். சுற்றி நிற்கிற வெள்ளைக்காரப் பெற்றோர் எல்லாரும் "கோ! கோ!" என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் இவருடைய குரல் தனியாகக் கேட்கும்.

"ஆறுதலா! ஆறுதலாப் போ, பிள்ளை! ஒருத்தரும் கலைக்கேல்லை!"

யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், நிதானமாக என்று பொருள். ஒருத்தரும் துரத்தவில்லை என்பதும் உண்மைதான். பந்தயத்தில் கடிகாரம் மட்டும்தான் துரத்தும். இவருக்குக் கடிகாரம் ஒரு பொருட்டில்லை.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது தொலைபேசி எடுத்து, "என்ன அவசரமெண்டு தம்பி உதை எழுதினனீர்?" என்று கேட்பார். இத்தனை வருடம் பொறுத்துத்தான் எழுதுகிறேன் என்றால் அவரிடம் எடுபடாது. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குச் சில வாசல் தள்ளி இருந்தார். நான் அக்கா என்பேன். பிள்ளைகளுக்கு அன்ரி. அவருக்கு ஒரே மகள், தர்சினி. என் மகனும் அவளும் ஒரே வகுப்பு.

அக்காவின் உத்தியோகமே மறிப்பதுதான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், உச்சியில் வட்டத் தகடு பூட்டிய நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் விடுவார். இந்த ஊரில் அப்படிப்பட்டவரை லொலிபொப் லேடி என்பார்கள். கவுன்சில் கொடுத்த மஞ்சள் கோட்டு, அதற்குக் கீழே நாலு விரல் அளவு சேலை, அதற்கும் கீழே ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்து. ஆனால் அக்கா ஓடி ஒருவரும் பார்த்ததில்லை.

மற்ற லொலிபொப் லேடிகள் பிள்ளைகள் வந்ததும் வாகனங்களை மறிப்பார்கள். இவர் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்ற சாத்தியத்துக்கே மறிப்பார். இடது கையில் கம்பு. வலது கை நீட்டி, உள்ளங்கை விரித்து, அந்தக் கையாலேயே ஒரு பஸ்ஸைத் தாங்கிப் பிடித்திருப்பவர்போல நிற்பார். தெரு காலியாக இருக்கும். பஸ் சாரதி கண்ணாடியைத் திறந்து யாருக்காக நிற்கிறோம் என்று கேட்பான். அக்கா தூரத்தில் ஒரு மூலையைக் காட்டி, "கமிங், கமிங்" என்பார். உண்மையில் சிறிது நேரத்தில் அந்த மூலையிலிருந்து ஒரு பிள்ளை வரவும் செய்யும். நான் வேலைக்குப் பிந்திய நாட்களுக்கு மேலாளரிடம் ரெயில்வண்டியைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். பாவம், ரெயில்.

ஒருமுறை ஒரு மரண ஊர்வலத்தையே மறித்துவிட்டார். முன்னால் சவப்பெட்டியோடு நீளமான கறுப்புக் கார். பின்னால் வரிசையாக மூன்று நான்கு. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று நடுத்தெருவில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கட்டி முடிக்கும்வரை முழு ஊர்வலமும் காத்திருந்தது. அன்று பின்னேரம் நான் சற்றுக் கூச்சத்தோடு கேட்டேன்.

"அக்கா, செத்த வீட்டுக் காரையுமோ?"

"ஏன் தம்பி, அதுக்குள்ளை கிடக்கிறவருக்கு இனி என்ன அவசரம்?"

இதற்குப் பதில் இருந்தால் யாராவது எனக்கு எழுதி அனுப்பலாம்.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு எங்கள் காரில்தான் வருவார். உள்வீதி சுற்றும்போது அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் முருகனை நீண்ட நேரம் நினைக்க வேண்டியிருக்கும். அர்ச்சனைக்குக் கூட்டம் சேர்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஐயர் மந்திரத்தை விரைவுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா தட்டத்தை நீட்டியபடி, "ஐயா, ஆறுதலாச் சொல்லுங்கோ. அவருக்கும் விளங்க வேண்டாமோ?" என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் முருகன் கையிலிருந்த வேலைப் பார்த்தேன்.

காரில் முன் இருக்கை அவருக்கு. அவருடைய காலடியில் பிரேக் கிடையாது. இருந்தாலும் அவர் வலது கால் அந்த இடத்தை மிதித்துக்கொண்டே வரும். முன்னால் சிவப்பு விளக்கு, மிதிப்பார். பச்சை விளக்கு, அது சிவப்பாகலாம், மிதிப்பார். வட்டச்சந்தி வந்தால் காலோடு குரலும் சேரும். "தம்பி, ஆறுதலா." லண்டனில் நான் ஓட்டுநர் பரீட்சையில் மூன்றுதரம் கோட்டை விட்டவன். பரீட்சை அதிகாரிகள்கூட இவ்வளவு அக்கறையாக என்னைக் கவனித்ததில்லை.

யுத்தம்தான் அக்காவை இப்படி ஆக்கியிருக்கும் என்று எனக்கு ஒரு கருத்து இருந்தது. இரண்டு புத்தகம் வாசித்தவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது. ஒருநாள் சுற்றி வளைத்து அவரிடமே கேட்டேன். அவர் மிகவும் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"இல்லைத் தம்பி. நான் ஆறு வயசிலையே இப்பிடித்தான். யுத்தம் எனக்குப் பிறகுதான் வந்தது."

இப்படிப்பட்டவரின் மகள் எப்படிப் பனிச்சறுக்கு வீராங்கனை ஆனாள் என்பதைச் சொல்லவேண்டும். அதற்கு எங்கள் ஆட்களின் மருத்துவ சாத்திரம் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சிவப்புத் தாடி வைத்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் வீடுகளில் அவர் தாடி மாஸ்டர். அவருக்கு இளவயதில் மலைகளில் பனிச்சறுக்கு விளையாடிய கிறுக்கு. லண்டனில் பனி பெய்தால் பத்து மணிக்குள் சேறாகிவிடும் என்பதையோ, இங்கே மலையே இல்லை என்பதையோ அவர் தடையாகக் கருதவில்லை. அந்த நாட்களில் லண்டனில் செயற்கைச் சரிவுகள் சில இருந்தன. ஒரு மேட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் மயிர் விரிப்பை அறைந்திருப்பார்கள். வீட்டு வாசலில் போடுகிற கால்மிதியை ஒரு ராட்சதனுக்குச் செய்ததுபோல இருக்கும். பிள்ளைகள் காலில் பலகைகளைப் பூட்டிக்கொண்டு அதில் சறுக்கி இறங்குவார்கள். விழுந்தால் முழங்கை தேங்காய்த் துருவலாகும். மாஸ்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஓர் அணி வேண்டுமென்று வீடுகளுக்கு அனுமதித் தாள் அனுப்பினார். எங்கள் சனம் வயலினுக்கும் பரதத்துக்கும் கணக்கு ரியூசனுக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிந்த காலம். இந்தத் தாளைப் பார்த்து எல்லா வீடும் சிரித்தது.

அக்கா மட்டும் தாளோடு என்னிடம் வந்தார். நான் கவுன்சிலில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவன். நூலகத்தில் புத்தகம் எடுப்பவன். ஆகவே தெரிந்தவன்.

"தம்பி, உதுக்கை நனையுமோ?"

"இல்லை அக்கா. பனியே இல்லை. பிளாஸ்டிக். உலர்ந்த சரிவு எண்டுதான் அதுக்குப் பேரே."

"அப்ப தலையிலை ஈரம் படாது?"

"படாது."

"தடிமன் பிடிக்காது?"

"பிடிக்காது அக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டார். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எலும்பு முறியுமா, ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் எங்கள் சாத்திரம். எலும்பு முறிவது விதி. அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. தலை நனைந்து தடிமன் பிடிப்பது தாயின் குற்றம். யாழ்ப்பாணத்தில் சளிக்காய்ச்சலுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையைச் சிங்கத்துக்குக்கூடக் கொடுப்பதில்லை. அக்கா கையெழுத்துப் போட்டதைக் கண்டு, 'அவவே விடுறா' என்று என் மனைவியும் போட்டாள். எங்கள் மகன் விளையாட்டு வீரனானது இப்படித்தான்.

முதல் நாள் போய் இறங்கினோம். சரிவின் இரண்டு கரையிலும் குழாய்கள். அவற்றிலிருந்து பூமாரியாகத் தண்ணீர். பலகைகள் சூடேறாமல் வழுக்குவதற்காக அந்த விரிப்பை எந்நேரமும் நனைத்துக்கொண்டே இருப்பார்களாம். நான் படித்த நூலகப் புத்தகத்தில் இது இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். கரைப் படிகளில் ஏறி, பலகை பூட்டிய மகளுக்குக் குடை பிடித்தபடி கூடவே நடந்து இறங்க ஆயத்தமானார். மாஸ்டர் ஓடிவந்து அது முடியாது என்பதை மிகுந்த மரியாதையோடு விளக்கினார்.

"ஏன் ஏலாது? நான் நடந்து வாறன். அவள் என்னோடை ஆறுதலா வரட்டும்."

மாஸ்டர் விளக்கி முடிப்பதற்குள் தர்சினி கீழே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்குள்ளே பன்னிரண்டு வருடமாக வேகம் சேர்ந்து கிடந்திருக்கிறது என்று. எல்லாம் ஆறுதலாக நடக்கிற வீட்டில், சோறுகூட ஆறின பிறகுதான் வாய்க்குப் போகிற வீட்டில், அவளுக்கென்று கிடைத்த ஒரே அவசரம் அது. பிற்பாடு ஒருநாள் என் மகன் அவளிடம் இதில் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டான். "உந்திப் புறப்பட்டுவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது," என்றாள் ஆங்கிலத்தில்.

தாய் சொல்வதை நிறுத்தவில்லை. தவறாமல் வந்தார். மகளின் கைப் பெருவிரல் விரிப்பின் ஓட்டைகளில் மாட்டி முறியும் என்று யாரோ சொல்ல, முறிவதற்கு முன்பே அதற்குக் கட்டுப் போட்டு அனுப்பினார். பலகையைத் தோளிலிருந்து இறக்கியதும் தலை துவட்டத் துவாய் தயார். அவரிடம் இருந்த கனமான கோட்டு அந்த மஞ்சள் கோட்டுத்தான் என்பதால் அதோடுதான் வந்து நிற்பார். மஞ்சள் கோட்டைக் கண்டால் இங்கிலாந்து மனிதர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். மேலே இழுத்துச் செல்லும் கயிற்றடியில் இடிபட்ட பிள்ளைகளை இவர் கை நீட்டி மறித்து வரிசையாக்கினார். யாரும் இவர் யார் என்று விசாரிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்தச் சரிவின் ஊழியர்களே அவரிடம் அனுமதி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அணியில் நாலு பிள்ளைகள். தர்சினி, என் மகன், இரண்டு ஆங்கிலேயப் பிள்ளைகள். புறப்படுமுன் நாலும் கையோடு கை அடித்து "ஆறுதலா!" என்று கத்திவிட்டுத்தான் இறங்கும். அதன் பொருளைத் தர்சினி முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டாள். தெரிந்தேதான் கத்தினார்கள். வேறு எந்த அணியிடமும் இப்படியொரு போர்முழக்கம் இல்லை என்பதில் அவர்களுக்குப் பெருமை.

அடுத்த வருடம் சாம்பியன்ஷிப் வந்தது. லண்டன் இளையோர் அணிகளுக்கு, ஒரு சனி ஞாயிறு. கிழக்கு லண்டனில், பழைய தொழிற்சாலைக் கழிவைக் குவித்து உண்டான ஒரு குன்று. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து தள்ளி இல்லை. மேலே ஏறினால் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வேகச்சாலை. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்காதவர்கள் இதைப் பார்த்து ஆறுதலடையலாம். முதல் மூன்று இடத்துக்கு வரும் அணிகள் குளிர்காலத்தில் ஸ்கொட்லாந்துக்குப் போகும். அங்கே உண்மையான பனியில் பந்தயம். தர்சினி அதுவரை உண்மையான பனியில் ஒருதரமும் சறுக்கியதில்லை. எங்கள் அணியில் யாருமே இல்லை. ஆனால் அவள்தான் தன் அறைச் சுவரில் பனிமலைப் படத்தை ஒட்டி வைத்திருந்தாள்.

அக்காவின் கணவருக்கு வார இறுதியில் ஷிப்ட். ஆகவே நான்தான் ஓட்டினேன். சனிக்கிழமை போகும்போது நோர்த் சர்குலர் சாலை முழுக்க அக்கா பிரேக் மிதித்தார். சனிக்கிழமை தனிநபர் பந்தயம். தர்சினி நாலாவதாக வந்தாள். அக்காவுக்கு அதிலும் மனவருத்தம்.

"நாலாவதோ? அவ்வளவு கெதியாவோ வந்தவள்?"

ஞாயிறு அணிப் பந்தயம். கணக்கு எளிது. சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கவேண்டும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் அந்த ஓட்டம் சேராது. நாலு பேர் இறங்கலாம். நல்ல மூன்று நேரங்களைக் கூட்டுவார்கள். என் மகன் முதலில் இறங்கினான். இரண்டாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அணிக்கு அவன் செய்த பங்களிப்பு எப்போதும் தார்மீக ஆதரவுதான். அடுத்த இருவரும் நன்றாக இறங்கினார்கள். ஆக எல்லாம் கடைசியாக வரும் தர்சினியின் கால்களில். அவள் சனிக்கிழமை வந்த வேகத்தில் வந்தால் போதும். மூன்றாம் இடம், ஸ்கொட்லாந்து, பனி.

அந்தக் குன்றில் ஒரு சிக்கல். நடுவில் ஒட்டகத்தின் முதுகுபோல ஒரு மேடு. மேலே நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக விடுகிறவருக்கு அதற்குக் கீழே நடப்பது தெரியாது. ஒரு பிள்ளை மேட்டைத் தாண்டி மறைந்ததும் அடுத்ததை விட்டுவிடுவார். கீழே யாராவது விழுந்து கிடந்தால் கொடி காட்ட மேட்டின் கரையில் ஒருவர் இருந்தார். யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன், என்னைப்போலச் சும்மா நின்றவரைப் பிடித்துக் கொடியைக் கொடுத்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில்தான் அக்காவும் நானும் பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம்.

தர்சினிக்கு முன்னால் வந்தது மூன்றாம் இடத்துக்கு எங்களோடு போட்டி போட்ட அணியின் பிள்ளை. சின்னஞ்சிறு பெண். மேட்டைத் தாண்டியதும் நிலைதடுமாறி விழுந்தது. ஒரு பலகை கழன்று தனியாகக் கீழே போனது. பிள்ளை பாதை நடுவில் கிடந்தது. கொடிக்காரர் அந்த நேரம் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேலே கம்பங்கள் படபடவென்று அடிபடும் சத்தம். தர்சினி புறப்பட்டுவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? "ஐயோ" என்றேன். அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

அக்கா ஓடினார்.

கயிற்றுக்குக் கீழே குனிந்து, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நனைந்த விரிப்பில் வழுக்கி வழுக்கி மேல்நோக்கி ஓடினார். அந்தப் பிள்ளை கிடந்த இடத்தைத் தாண்டிப் போய், மேட்டின் முதுகில் ஏறி நின்றார். கம்பு இல்லாத இடது கை கம்பைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. வலது கை நீண்டது. உள்ளங்கை விரிந்தது.

தர்சினி வந்த வேகத்தை மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார். அவ்வளவு காலத்தில் அவள் அப்படி இறங்கி அவர் பார்த்ததே இல்லையாம். அப்படி வந்தவள் மேட்டுக்கு மேலே மஞ்சள் கோட்டையும் அந்தக் கையையும் கண்டாள். ஐந்து வயதிலிருந்து தினமும் காலையும் மாலையும் அந்தக் கைக்கு நின்று பழகியவள். யோசிக்கவே இல்லை. இரண்டு பலகையையும் குறுக்கே திருப்பி, விசிறியடித்த தண்ணீருக்குள்ளே, தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுவிட்டாள்.

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

விழுந்த பிள்ளை எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைப் பலகையோடு ஓரத்துக்கு நகர்ந்தது. கம்பத்தைத் தவறவிட்டிருந்தாலும் அவர்கள் அணிக்கு மற்ற மூன்று நேரங்கள் இருந்தன. அது எழுந்ததைப் பார்த்ததும் கொடிக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அவள் தானாகவே நகர்ந்திருப்பாள். நேரம் இருந்தது," என்றார்.

நான் அக்காவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நகந்திருப்பா, ஓம். நகராமலும் கிடந்திருப்பா. உவர் தேத்தண்ணியைக் குடிக்கட்டும்."

நான் கடைசி வசனத்தை மொழிபெயர்க்கவில்லை.

நடுவர் நல்ல மனிதர். பாதை மறிபட்டிருந்ததால் தர்சினி மறுபடி இறங்கலாம் என்றார். மறித்தது அவளுடைய சொந்தத் தாய் என்று யாரோ முணுமுணுத்தபோது, யார் மறித்தாலும் பாதை பாதைதான் என்று சொல்லிவிட்டார். பிறகு அக்காவிடம், இந்தக் கோட்டைப் பார்த்தால் எல்லாரும் அதிகாரி என்று நினைப்பார்கள், தயவுசெய்து கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அக்கா தலையாட்டினார்.

தர்சினி தாயைப் பார்க்கவில்லை. இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போனாள். அவளுடைய முதுகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. என் மகன் அருகில் வந்து, "அப்பா, அவள் அந்த ஓட்டத்தைத் திருப்பிச் செய்ய மாட்டாள். அப்படி ஒன்று ஒருதரம்தான் வரும்," என்றான். கம்பத்தைக் கட்டிப்பிடித்தவனுக்கும் இது தெரிந்திருந்தது.

அக்கா கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். கோட்டை உள்பக்கம் வெளியே வர மடித்து, மஞ்சள் தெரியாமல் சுருட்டி என் கையில் தந்தார். உள்ளே மண்நிறச் சேலை, மண்நிறக் கம்பளிச் சட்டை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று கத்திபோல வந்துகொண்டிருந்தது. குழாய்த் தூறல் வேறு.

"என்ன அக்கா செய்யிறியள்? குளிர் கொல்லும்."

"என்னைக் கண்டா பிள்ளை திருப்பியும் நிண்டிடும் தம்பி."

"நனையிறியள். தடிமன் பிடிக்கப் போகுது."

"தடிமன்தானே," என்றார் அக்கா.

பத்து வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்த 'தானே'யை நான் எதிர்பார்த்ததில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உதடுகளையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

மேலே கம்பங்கள் அடிபடத் தொடங்கின. தர்சினி மேட்டுக்கு வந்தாள். நன்றாகத்தான் வந்தாள். மேட்டின் முதுகில், தாய் சற்று முன் நின்ற அதே இடத்தில், அவளுடைய தலைக்கவசம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு கண் வெட்டு. எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. அடுத்த கம்பத்துக்குச் சற்று அகலமாகப் போய், சமாளித்து, திரும்ப வேகம் பிடித்து இறங்கி முடித்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் "ஆறுதலா" என்று கத்தவில்லை. அது இல்லாமல் அந்த ஓட்டம் ஏதோ ஊமைப்படம்போல இருந்தது.

நாலாம் இடம். அந்த ஒரு கண் வெட்டு அளவுதான் குறைந்தது. விழுந்த பிள்ளையின் அணி ஸ்கொட்லாந்துக்குப் போனது. அந்தப் பிள்ளையின் தாய் தேடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அக்கா அவளிடம், "ஷூ டைட். டைட்," என்று பலகைப் பூட்டைக் காட்டி விளக்கினார்.

திரும்பி வரும்போது பின்னேரம். அக்கா முன் இருக்கையில். சுருட்டிய கோட்டு மடியில். பின்னால் என் மகனும் தர்சினியும். நோர்த் சர்குலரில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல். நான் விளக்குக்கு விளக்கு சடாரென்று நிறுத்தினேன். அக்காவின் கால் அசையவில்லை. வட்டச்சந்திகள் வந்தன, போயின. ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாமல் எனக்குக் கார் ஓட்ட வராது என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேர் ஹோர்ன் அடித்தார்கள். ஒருவன் விரலும் காட்டினான்.

வெம்பிளி நெருங்கும்போது பின்னாலிருந்து தர்சினி பேசினாள். பொதுவாக ஆங்கிலம்தான் பேசுவாள். அன்று தமிழில் கேட்டாள்.

"ஏனம்மா கோட்டைக் கழட்டினீங்கள்?"

அக்கா திரும்பவில்லை.

"நீ என்னைப் பாக்கக் கூடாதெண்டு."

"நான் பாத்தனான். நீங்கள் இல்லை."

"அங்கைதான் நிண்டனான், பிள்ளை."

"எனக்குத் தெரியேல்லை. நீங்கள் கத்தவுமில்லை," என்றாள்.

அக்கா மடியிலிருந்த கோட்டை விரித்தார். மஞ்சள் பக்கம் வெளியே வரத் திருப்பினார். போட்டுக்கொள்ளவில்லை. மார்புக்கு மேல் இழுத்துப் போர்த்துக்கொண்டார். ஒரு தும்மல் வந்தது.

கிங்ஸ்பரி வட்டச்சந்தி. வலது பக்கமிருந்து ஒரு வான் வந்துகொண்டிருந்தது. இடைவெளி போதும் என்று எனக்குப் பட்டது. எனக்குப் பட்டவை அதிகம் சரிவந்ததில்லை என்பதை வாசகர் இதற்குள் அறிந்திருப்பார். வேக மிதியில் காலை அழுத்தினேன்.

"அங்கிள், ஆறுதலா," என்றாள் தர்சினி பின்னாலிருந்து. "முன்னுக்கு அம்மா இருக்கிறா."

நான் நிறுத்தினேன். வான் எங்களைத் தாண்டிப் போனது. பக்கத்தில், மஞ்சள் கோட்டுக்குக் கீழே, ஓட்டக்காரர்கள் போடுகிற அந்தச் சப்பாத்து, இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.